எதிர்வீட்டு அக்கா முகத்தில் விழித்தால் என்ன ஆகும்?

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு,

கும்பகோணம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். வயது 34. கணவருக்குத் திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். மாமனார் காலமான பிறகு மாமியார் என்னோடும் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகனோடும் இருக்கிறார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. மகனின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். முந்தின ராத்திரி பதினொரு மணிக்குப் போன கரண்ட் விடியற்காலையில்தான் வந்தது. புழுக்கத்திலும் கொசுக்கடியிலும் யாரும் தூங்கவில்லை. போனில் சார்ஜ் இல்லாததால் அலாரம் அடிக்கவில்லை. ஏழேகாலுக்கு எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டி, "பால் பாக்கெட் வெயில்ல கெடக்குதே, இன்னும் எழுந்திரிக்கலையா?" என்று கேட்டபோதுதான் விழித்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. பாலைக் காய்ச்சினால் திரிந்துவிட்டது. கிளம்பும்போது தெருமுனையில் ஒருவர் "எங்கம்மா இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். நேரமாகிவிட்டதே என்று, ரோடு போட்டுக்கொண்டிருக்கும் குறுக்கு வழியில் ஸ்கூட்டரை விட்டேன். பஞ்சர். தள்ளிக்கொண்டு போனதில் செருப்பு வார் அறுந்தது. வண்டியைக் கடையில் விட்டுவிட்டு ஓடினால், பஸ் கண்ணெதிரே போகிறது. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தால் கம்ப்யூட்டர் சென்டரில் டோக்கன் 26. என் முறை வந்தபோது சர்வர் நின்றுவிட்டது. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தும் வேலை நடக்கவில்லை.

மாமியார் காலண்டரைப் பார்த்துவிட்டு எனக்கு அன்று சந்திராஷ்டமம் என்றார். பஞ்சரான நேரம் எட்டரை, ராகு காலம். டோக்கன் 26, கூட்டினால் எட்டு. பஞ்சருக்கும் ஆட்டோவுக்குமாகச் செலவு 530 ரூபாய், அதுவும் எட்டு. ஆட்டோ நம்பர் 4409, கூட்டினால் பதினேழு, மறுபடியும் எட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, "காலங்காத்தால அவ மூஞ்சியில முழிச்சா எப்படி வெளங்கும்?" என்றார். அந்த அக்காவின் கணவர் போன வருஷம் தவறிவிட்டார். அதுவரை இரண்டு வீட்டுக்கும் முருங்கைக்கீரை, குழம்பு என்று போக்குவரத்து இருந்தது.

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அக்கா வாசல் தெளித்துவிட்டு உள்ளே போகும் வரை கதவைத் திறப்பதில்லை. மகன் நேற்று, "பரீட்சை அன்னிக்குப் பெரியம்மாவைப் பார்த்தா மார்க் குறையுமாம்மா?" என்று கேட்கிறான். தெரிந்த ஒருவர், பரிகாரத்துக்கு ஐயாயிரம் ஆகும் என்கிறார். இத்தனையும் ஒரே நாளில் தற்செயலாக நடக்குமா? நான் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வேண்டாம்

பதில்:

அன்பு மகளுக்கு,

முதலில் அந்த ஐயாயிரம். கொடுக்காதீர்கள். மனசு கேட்கவில்லை என்றால் கோயிலுக்குப் போய் ஒரு விளக்கேற்றிவிட்டு வாருங்கள், அதை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் பணத்தில் வண்டிக்கு டயர் மாற்றலாம், நல்ல செருப்பும் வாங்கலாம். பரிகாரம் என்றால் இந்த விஷயத்தில் அதுதான் பரிகாரம்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது கையில் பேனாவை வைத்துக்கொண்டேன். அலாரம், தண்ணீர், பால், பஞ்சர், செருப்பு, பஸ், சர்வர் என்று ஏழு சங்கடங்கள். ஏழும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் ஒரே நாளில் வந்து விழுந்திருந்தால் நானும் கொஞ்சம் யோசித்திருப்பேன். ஆனால் நீங்களே காரணங்களையும் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ராத்திரி கரண்ட் போயிற்று. அதனால் போனில் சார்ஜ் ஏறவில்லை, அலாரம் அடிக்கவில்லை. தூக்கம் கெட்டதால் கரண்ட் திரும்பி வந்ததும் வீடு மொத்தமும் அசந்துவிட்டது. விடிகாலையில் எழுந்து மோட்டார் போடுகிற வழக்கமாக இருக்கும்; யாரும் எழுந்திருக்கவில்லை, தொட்டி காலி. பால்காரர் வழக்கமான நேரத்துக்குப் போட்டுவிட்டுப் போன பாக்கெட், எடுக்க ஆளில்லாமல் வெயிலில் கிடந்தது. அப்படிக் கிடந்த பாலில் புளிப்பு ஏறியிருப்பது பார்த்தால் தெரியாது, சூடு பட்டதும் திரிந்துபோகும். தாமதம் ஆனதால் குறுக்கு வழி. ரோடு போடும் இடம் என்றால் ஜல்லியும் ஆணியும் கம்பித் துண்டும் இல்லாமல் இருக்குமா? அங்கே பஞ்சர். பஞ்சரானதால் வண்டியைத் தள்ளினீர்கள், தள்ளியதால் வார் அறுந்தது, இரண்டும் சேர்ந்ததால் பஸ் போயிற்று. ஆறு சங்கடத்துக்கும் ஒரே வேர், ராத்திரி போன கரண்ட். 'பட்ட காலிலே படும்' என்று நம் பாட்டிமார் சொன்னது சாபத்தைப் பற்றி அல்ல என்று எனக்கு எப்போதும் தோன்றும். அடிபட்ட காலை இழுத்து இழுத்து வைத்து நடக்கிறவர் அடுத்த கல்லிலும் இடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது சர்வர். அதுகூட முழுக்கத் தற்செயல் இல்லை. கடைசி நாள் அன்று ஊரே ஒரே நேரத்தில் அந்த இணையதளத்தைத் திறந்தால் அது திணறத்தான் செய்யும். உங்கள் டோக்கன் 26. உங்களுக்குப் பின்னால் எத்தனை பேரோ. சர்வர் நின்றது அவர்கள் எல்லோருக்கும்தான். அத்தனை பேரும் அன்று காலை உங்கள் எதிர்வீட்டு அக்கா முகத்திலா விழித்தார்கள்?

எட்டைப் பற்றி உங்களுக்கு உள்ளூர ஒரு உறுத்தல் இருக்கிறது. இல்லாவிட்டால் ஆட்டோ நம்பரை நினைவில் வைத்து, கூட்டி, எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். எந்த எண்ணையும் இலக்கம் இலக்கமாகக் கூட்டி ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தால் ஒன்று முதல் ஒன்பது வரை ஏதாவது ஒன்றுதான் வரும். அதாவது ஒன்பது எண்களில் ஒன்று எட்டாகத்தான் முடியும். ஒரு வேலையாக வெளியே போகும் நாளில் எத்தனை எண்கள் கண்ணில் படுகின்றன! வண்டி நம்பர், டிக்கெட், டோக்கன், பில், ஓடிபி, கதவு எண், மணி, தேதி. குறைத்துப் போட்டாலும் இருபது. இருபது எண்களில் ஒன்றாவது எட்டாக வருவது நூறு நாளில் தொண்ணூறு நாள் நடக்கும். மூன்று அல்லது அதற்கு மேல் வருவது? நூறில் 39 நாள். நானே உட்கார்ந்து போட்ட கணக்கு இது, உங்கள் மகனின் கணக்கு ஆசிரியர் சரிபார்க்கலாம். அன்று எட்டு வராத எண்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஞ்சர் கடை போர்டில் இருந்த போன் நம்பரை யாராவது கூட்டிப் பார்த்தீர்களா?

எண்ணைப் பார்த்துச் சகுனம் நினைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் லண்டன் பட்னியில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது பேராசிரியர் ஹார்டி பார்க்கப் போனார். தான் வந்த டாக்ஸியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண், கெட்ட சகுனமாக இல்லாமல் இருக்க வேண்டும் என்று சொன்னவர் அந்த வெள்ளைக்காரப் பேராசிரியர்தான். படுக்கையில் இருந்த நம் ஆள்தான், இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும். ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். மகனைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்திராஷ்டமம். ஜாதகம் பார்க்காதவர்கள்கூடத் தினசரிக் காலண்டரில் இந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிடுகிறார்கள். சந்திரன் பன்னிரண்டு ராசிகளையும் ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 27.3 நாள் எடுத்துக்கொள்கிறது. ஒரு ராசிக்கு இரண்டேகால் நாள். உங்கள் ராசிக்கு எட்டாவது ராசியில் அது இருக்கும் அந்த இரண்டேகால் நாள், வருஷத்துக்குப் பதின்மூன்று தடவைக்கு மேல் வரும். கூட்டிப் பார்த்தால் வருஷத்தில் முப்பது நாள். முப்பத்து நாலு வயதுக்குள் ஆயிரம் நாளைத் தாண்டிவிட்டீர்கள். அந்த ஆயிரத்தில் மற்ற நாட்களின் கதை எங்கே? பால் பொங்கிய நாள், பஸ்ஸில் சீட் கிடைத்த நாள், மகன் நல்ல மார்க்கோடு வந்த நாள் எல்லாம் அதற்குள்தானே இருந்திருக்கும்! ஒன்றும் நடக்காத சந்திராஷ்டமத்தை நாம் யாரும் குறித்து வைப்பதில்லை. இன்னொன்று: எந்த நேரத்திலும் ஏதோ ஒரு ராசிக்குச் சந்திராஷ்டமம் நடந்துகொண்டேதான் இருக்கும். அறுபது பேர் இருக்கும் பஸ்ஸில் சராசரியாக ஐந்து பேருக்கு அது உண்டு. பஞ்சர் கடைக்காரருக்கே உங்கள் ராசியாக இருந்திருக்கலாம். அவருக்கு அன்று காலையிலேயே வியாபாரம்.

ராகு காலமும் இந்த மாதிரிதான். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது அது, பத்தரை முதல் பன்னிரண்டு எமகண்டம். இரண்டும் சேர்ந்தால் பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் மூன்று மணி நேரம், அதாவது கால் பங்கு. பகலில் உங்களுக்கு ஆறு சங்கடங்கள். ஆறும் நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தால், அவற்றில் ஒன்றாவது அந்தக் கால் பங்குக்குள் விழ நூற்றுக்கு 82 வாய்ப்பு. விழாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். காலையில் கிளம்பி ஆபீஸ் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோரும் திங்கட்கிழமை ராகு காலத்தில்தான் தெருவில் இருக்கிறார்கள். பஞ்சரும் அந்த நேரத்தில்தான் ஆகும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்லிவிட்டு இதோடு முடித்துவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் நீங்கள் எழுதியதில் கவலைப்பட வேண்டிய விஷயம் பாலும் இல்லை, டோக்கனும் இல்லை. சாத்திய கதவுதான்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களை எழுப்பியது அந்த அக்கா. பால் வெயிலில் கிடப்பதைப் பார்த்து, ஏதோ சரியில்லை என்று நினைத்து, தெருவைத் தாண்டி வந்து கதவைத் தட்டியிருக்கிறார். தட்டாமல் இருந்திருந்தால் எட்டரைக்குத்தான் எழுந்திருப்பீர்கள். டோக்கன் 26 என்பது 60 ஆகியிருக்கும். அன்று காலை உங்களுக்கு நடந்த ஒரே நல்ல விஷயம் அவர். அவரைத்தான் அந்த நாளின் கெட்ட சகுனமாக எழுதி வைத்துவிட்டீர்கள். நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே தினமும் கதவுக்குப் பின்னால் காத்து நிற்கிறீர்களே, நம்புகிறவர் செய்வதும் அதைத்தானே? அக்காவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. கணவர் போன பிறகு ஒரு பெண் முதலில் கவனிப்பது இதைத்தான்: எந்த வீட்டுக் கதவு முன்பு போலத் திறக்கிறது, எது திறப்பதில்லை என்று. கட்டாயம் கவனித்திருப்பார். கேட்க மாட்டார்.

புறநானூற்றில் கழைதின் யானையார் என்ற புலவர் வல்வில் ஓரியைப் பார்த்துப் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது, 204ஆவது. பரிசில் கேட்டுப் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிற புலவர்களைப் பற்றி, 'புள்ளும் பொழுதும் பழித்தல் அல்லதை உள்ளிச் சென்றோர்ப் பழியலர்' என்கிறார். அதாவது வந்த வழியில் பார்த்த பறவையையும் கிளம்பிய நேரத்தையும் நொந்துகொள்வார்களே தவிர, யாரை நாடிப் போனார்களோ அந்த மனிதரைப் பழிக்க மாட்டார்கள். சகுனத்தை நம்பிய காலத்து மனிதர்கள்தான் அவர்களும். ஆனால் பழியை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டிலும் அன்றைய தினத்தைத் திட்டித்தான் தீர வேண்டும் என்றால் ராகு காலத்தைத் திட்டிக்கொள்ளுங்கள். அதற்கு வருத்தம் ஒன்றும் வராது.

மாமியார் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அவரும் கணவரை இழந்தவர். நீங்கள் தினமும் காலையில் பார்க்கிற முதல் முகம் பெரும்பாலும் அவருடையதாகத்தான் இருக்கும். இந்த நியாயத்தை இப்போதே அவரிடம் போய்ச் சொல்லிக்காட்டலாம் என்று உங்கள் கை பரபரக்கும். வேண்டாம். வாதத்தில் ஜெயிப்பீர்கள், வீட்டில் ஒரு மனுஷி நொறுங்கிப்போவார். அவர் இந்தப் பேச்சை எங்கே கற்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மாமனார் போன புதிதில் யாரோ ஒருவர் இவரைப் பார்த்து முகத்தைத் திருப்பியிருப்பார், கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்கார்த்தியிருப்பார்கள். நீங்கள் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அவர் தானாகவே சமையலறைப் பக்கம் ஒதுங்கி நிற்கிறாரா என்று கவனியுங்கள். அப்படி ஒதுங்கினால், கூப்பிட்டு வாசல் வரை வரச் சொல்லுங்கள். "அத்தை, நான் போயிட்டு வரேன்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிறகு ஒரு சாயங்காலம், கீரை ஆய்கிற நேரமாகப் பார்த்து, "மாமா போன புதுசுல உங்களையும் யாராவது இப்படிச் சொன்னாங்களா அத்தை?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் பரவாயில்லை.

அக்காவிடம் மன்னிப்பு, விளக்கம் என்று பெரிதாக ஒன்றும் ஆரம்பிக்க வேண்டாம். மாமியார் சொன்னதை அவர் காதில் போட்டு, புதிதாக ஒரு காயத்தை உண்டாக்கத் தேவையில்லை. நாளைக் காலையில் அவர் வாசல் தெளிக்கும் நேரத்தில் கதவைத் திறந்து, "அன்னிக்கு நீங்க தட்டலேன்னா நாங்க எந்திரிச்சே இருக்க மாட்டோம்க்கா" என்று சொன்னால் போதும். அப்புறம் ஏதாவது கேட்டு வாங்குங்கள். கொண்டுபோய்க் கொடுப்பதைவிடக் கேட்டு வாங்குவதுதான் இங்கே முக்கியம். இரக்கப்பட்டு ஒரு கிண்ணம் பாயசம் கொடுக்க ஊரில் நாலு பேர் இருப்பார்கள். 'உங்க மரத்துல கீரை இருக்கா?' என்று உரிமையோடு கேட்க யார் இருக்கிறார்கள்? மகனின் பரீட்சை வருகிறதல்லவா, அந்த நாட்களில் காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பிவிடச் சொல்லுங்கள். கேட்கும்போது மகனும் பக்கத்தில் நிற்கட்டும்.

மகன் கேட்ட கேள்விக்கு, 'இல்லை, குறையாது' என்று நேராகப் பதில் சொல்லுங்கள். 'அதெல்லாம் உனக்கு எதுக்கு?' என்று தட்டிக்கழித்தால் அவன் தானாக ஒரு பதிலை வைத்துக்கொள்வான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கும் புரியும், நியாயமும் புரியும். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு வாரம் தினமும் கண்ணில் படுகிற முதல் இருபது எண்களை எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். பிடித்ததை மட்டும் பொறுக்கி எழுதக் கூடாது, முதல் இருபதும் வர வேண்டும். அதுதான் ஒரே நிபந்தனை. எட்டு எத்தனை, ஐந்து எத்தனை என்று அவனே எண்ணட்டும்.

வீட்டு ஏற்பாடுகளில் நான் சொல்ல அதிகம் இல்லை. பேட்டரியில் ஓடும் சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்குங்கள், ராத்திரி படுக்கும் முன்பே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுங்கள். குறுக்கு வழியை ரோடு போட்டு முடிக்கும் வரை மறந்துவிடுங்கள்.

உதவித்தொகையை இன்னும் விட்டுவிட வேண்டாம். சர்வர் நின்ற நாள், டோக்கன் எண், நீங்கள் காத்திருந்த நேரம் மூன்றையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, மகனின் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுங்கள். உங்களைப் போலவே அன்று திரும்பிப் போன பெற்றோர் அந்தப் பள்ளியில் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களையும் சேர்த்துக்கொண்டு போனால் பேச்சுக்குக் கனம் இருக்கும். தேதியை நீட்டித்தார்களா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டோக்கன் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? எட்டு என்று பயந்து கிழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், மனுவோடு சேர்த்துக் கொடுக்க அதன் நகல் வேண்டும்.